தெரு நீண்ட டிசம்பர்கள்

முசோங் நகரத்தின் நடுவே, போங் மால்-சுக்கின் நூடுல்ஸ் கடைக்கும் பழைய சந்தையின் வாசலுக்கும் இடையே உள்ள தெரு, ரயில் நிலையம் திறந்த ஆண்டில் முந்நூற்று இருபது தப்படி நீளம் இருந்தது. மறு ஆண்டு ஜனவரி இரண்டாம் தேதி அது அறுநூற்று ஐம்பது தப்படியாக இருந்தது. கடை நகரவில்லை. சந்தையும் நகரவில்லை. அஞ்சலகத்தின் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் இரண்டின் கூரைகளும் முன்பிருந்த அதே இடத்தில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்தான் தெரிந்தன. கீழே இறங்கி நடந்தால்தான் தூரம்.

இதை முதலில் கண்டுபிடித்தது மால்-சுக். அவளுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. தினமும் பதினொன்றரை மணிக்கு, கத்தியால் அரிந்த கோதுமை நூடுல்ஸை நெத்திலிச் சாற்றில் கொதிக்கவிட்டு, கிண்ணங்களில் ஊற்றி, கிண்ணங்களைத் தட்டுகளில் அடுக்கி, மூன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவாள். சந்தைக்காரர்கள் கடையை விட்டு எழுந்து வந்து சாப்பிடுகிறவர்கள் அல்ல. சாப்பாடு அவர்களிடம் நடந்து வர வேண்டும். ஒரு நடைக்குப் பன்னிரண்டு கிண்ணம், ஒரு நாளைக்கு நான்கு நடை. அந்த நூடுல்ஸ் சாற்றில் விழுந்து ஏழு நிமிடம் வரைக்கும் பல்லுக்கு எதிர்த்து நிற்கும். எட்டாவது நிமிடம் உப்பத் தொடங்கும். பதினைந்தாவது நிமிடத்தில் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. பழைய தெரு நான்கு நிமிடம் எடுத்தது. அன்றைக்கு ஒன்பது நிமிடம் எடுத்தது. கருவாட்டுக் கடைக்காரி மூடியைத் திறந்து, சாப்பாட்டுக் குச்சியால் ஒரு இழையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சந்தையில் பலருக்கும் மால்-சுக் சித்திதான்.

"சித்தி, இது நூடுல்ஸா, இல்ல புண்ணுக்குக் கட்டுற துணியா?"

"வழியில நின்னு கதை பேசிட்டு வந்தேன்னு நெனைக்கிறியா? நிக்கவே இல்லடி. தெருதான் முடியல."

தெரு முடியாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் நடைபாதைக் கற்களைப் பெயர்த்துவிட்டு வேறு கற்கள் பதிப்பார்கள். மாநகராட்சிக்கு அந்த ஆண்டுக்கென்று வந்த பணத்தில் மிச்சமிருப்பது முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் திரும்பப் போய்விடும், அடுத்த ஆண்டு குறைத்துக் கொடுப்பார்கள். ஆகவே முதல் பனி விழுவதும் கல் அறுக்கும் இயந்திரம் அலறுவதும் ஒரே வாரத்தில் நடக்கும். குழந்தைகள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விடுமுறை நெருங்குவதைத் தெரிந்துகொள்வார்கள். அதில் யாரும் குற்றம் கண்டதில்லை. ஆனால் ரயில் நிலையம் வந்த பிறகு, நகரத்தின் நடுப்பகுதி வளர்கிறது என்று மேயருக்குச் சொல்லப்பட்டது. முப்பத்தொன்பது மாடிக் குடியிருப்புகள் மூன்று எழுந்தன. நகரம் வளர்ந்தால் மக்கள் நடக்க இடம் வேண்டும் என்று, அந்தத் தெருவில் கார்களைத் தடை செய்துவிட்டு, அதற்கு 'நடக்க ஆசையூட்டும் தெரு' என்று பெயர் வைத்து, நடுவில் ஒரு சதுக்கமும் சதுக்கத்தில் துருப்பிடிக்காத எஃகில், இரண்டு ஆள் உயரத்துக்கு, எங்கள் வட்டாரத்து விளைபொருளான பூண்டின் சிலையும் அமைத்தார்கள். அந்த முதல் டிசம்பரில் சிவப்புக் கல் பதித்தார்கள். அடுத்த டிசம்பரில், சிவப்புக் கல்லின் இடுக்கில் குதிகால் செருப்பு மாட்டுகிறது என்று பெயர்த்துவிட்டுச் சாம்பல் நிறம். அதற்கடுத்து, சாம்பல் நிறம் மனச்சோர்வு தருகிறது என்று அலை வடிவம். நான்காவதாக, மழைநீரை உறிஞ்சும் கல். ஒவ்வொரு முறை பெயர்த்துப் பதித்தபோதும் தெரு நீண்டது. அலை வடிவத்துக்குப் பிறகு அதைக் கடக்க அரை மணி நேரமும், உறிஞ்சும் கல்லுக்குப் பிறகு ஐம்பது நிமிடமும் ஆயிற்று.

தெருவோடு சேர்ந்து இரு பக்கத்துக் கடைகளும் இழுபட்டன. செருப்புக் கடையின் கண்ணாடி எண்பது தப்படி அகலமாகிவிட்டது. உள்ளே முன்பிருந்த அதே ஆறு ஜோடிகள்தான், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஒரு மாட்டு வண்டி திரும்பலாம். மருந்துக் கடையின் பெயர்ப் பலகையை முழுக்கப் படிக்க ஐந்து நிமிடம் நடக்க வேண்டியிருந்தது; தலைவலிக்காரர்களில் சிலருக்குக் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் வலி நின்றிருந்தது. பூண்டு மட்டும் நீளவில்லை. அது சாலைப் பிரிவின் சொத்தல்ல, பண்பாட்டுப் பிரிவின் சொத்து. அடியில் அதற்கென்று எண் பொறித்த தகடு ஒட்டியிருந்தது. தெருவின் நடுப்பகுதிக்கு என்று தனியாக ஒரு தூறல் வர ஆரம்பித்தது. செர்ரி மரங்கள் இரு முனைகளிலும் பூத்து உதிர்ந்த பிறகு ஒரு வாரம் கழித்து அங்கே பூத்தன. காதலர்கள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. தெருவுக்குள் வருகிறவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று மாநகராட்சி ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், எங்கள் தெரு மாகாணத்திலேயே முதலிடம் பெற்றது. வெளியே போக வழி தெரியாமல் தங்கியவர்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். விருதுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாநகராட்சி வாசலில் மாட்டினார்கள்.

பின்பக்கச் சாலை வழியாகப் போனால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பின்பக்கச் சாலையில் குடியிருப்புக் கட்டுமானத்தின் வேலி நிற்கிறது. ஐந்து ஆண்டுகளாக நிற்கிறது. வேலி முழுக்கப் பச்சை மரங்களும், நாய்க்குட்டியோடு ஓடும் ஒரு குடும்பமும் வரையப்பட்டிருக்கின்றன. மூலையில் தலைக்கவசம் அணிந்த ஒரு ஆள் இடுப்பை வளைத்து வணங்கி, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்கிறான். மால்-சுக் ஒரு நாள் தட்டுகளோடு அவன் எதிரே நின்று, "வருந்துனது போதும், தள்ளிக்கோ" என்றாள்.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். நூடுல்ஸைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் கொண்டுபோனாள். நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிண்ணத்தைக் கவிழ்த்தால் கிண்ணத்தின் வடிவத்திலேயே விழுந்தது. ஒரு பையனின் ஸ்கூட்டரில் அனுப்பினாள். நடக்க ஆசையூட்டும் தெருவில் ஓட்டியதற்கு அபராதம் வந்தது. மாவைத் தடிமனாக அரிந்தாள். விதைக் கடைக்காரர், பல் கட்டியது இதற்காகவா என்று கேட்டார். நாற்பத்தெட்டுக் கிண்ணம் முப்பதாகி, பதினொன்றாகி, நான்காவது முறை கல் பதித்த பிறகு ஒன்றே ஒன்றாக ஆயிற்று. அந்த ஒன்று யோம் கி-தேக்குக்கு. சந்தையின் கோடியில் பூட்டுக் கடை வைத்து, சாவி அறுத்துக் கொடுப்பவர், மனைவியை இழந்தவர், அறுபத்துநான்கு வயது. ஐம்பது நிமிடம் ஊறிய நூடுல்ஸைக் கரண்டியால் வெட்டி வெட்டி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்து அனுப்புவார். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம், ஒரு கிண்ணம். முழங்காலைப் பார்த்த மருத்துவர், இந்த வேலையை இன்னும் எத்தனை நாள் செய்வீர்கள் என்று கேட்டபோது, அதைத் தெருவிடம் கேளுங்கள் என்றாள். ஆனால் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்: வருகிற டிசம்பரில் இன்னொரு முறை தோண்டினால், சந்திரப் புத்தாண்டோடு கடையை மூடிவிடுவது.

மாநகராட்சிக்கு அவள் ஒவ்வொரு ஜனவரியும் போனாள். அங்கே சீட்டு எடுத்து, எண் வரும்வரை காகிதக் கோப்பையில் காபி குடித்து, சாலைப் பிரிவில் உட்காரும்போது எதிரே எப்போதும் புதிய முகம் இருக்கும். எங்கள் ஊரில் அதிகாரிகளை ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஒரே நாற்காலியில் நீண்ட நாள் இருந்தால் ஊழல் வரும் என்பது காரணம். ஊழல் வரவில்லை. வேறு எதுவும் வரவும் இல்லை. முதல் அதிகாரி, நான் இப்போதுதான் வந்தேன், நிலைமையைப் புரிந்துகொண்டு சொல்கிறேன் என்றார். புரிந்துகொண்ட வாரத்தில் மாற்றலாகிப் போனார். இரண்டாமவர், சதுக்கம் இருப்பதால் இது பூங்காப் பிரிவு என்றார். பூங்காப் பிரிவு, புல் இல்லாததால் இது சாலைப் பிரிவு என்றது. மூன்றாமவர் கணினியைத் திருப்பிக் காட்டி, வரைபடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று போட்டிருக்கிறதே அம்மா என்றார். நான்காமவர் பெயர் தாக் ஹியோன்-ஊ. முப்பத்திரண்டு வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவன் மட்டும்தான், நேரில் வந்து அளக்கிறேன் என்றவன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, தரையில் உருட்டி அளக்கும் சக்கரத்தோடு வந்தான். மால்-சுக் தன் ஒற்றைக் கிண்ணத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூடவே நடந்தாள். பூண்டைத் தாண்டிய பிறகு தூறல் பிடித்துக்கொண்டது. செருப்புக் கடையின் மூன்றாவது ஜோடிக்கு நேராக அவன் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். சந்தை வாசலை அடைந்தபோது மதிய உணவு நேரம் முடிந்திருந்தது. சக்கரத்தில் இருந்த எண்ணை இருவரும் குனிந்து பார்த்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு.

"சார், சக்கரம் சொல்றது இருக்கட்டும். உங்க காலு என்ன சொல்லுது?"

"காலுக்குத் தரச் சான்று இல்ல சித்தி. சக்கரத்துக்கு இருக்கு."

"அப்ப இருநூத்திப் பன்னெண்டுன்னுதான் எழுதப் போறீங்களா?"

"வேற என்ன எழுத? கொப்புளம்னு எழுதினா எங்க தலைவர் என்னையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒரு தடவ தோண்டினா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான்.

"எனக்கு அது தெரிய வேண்டாம் தம்பி. தோண்டினா நான் கடையையே மூடிடுவேன்."

பூட்டுக் கடைக்குப் போனதும் யோம் தன் கிண்ணத்தின் பாதியை இன்னொரு கிண்ணத்தில் போட்டு அதிகாரியிடம் நீட்டினார். தாக் ஒரு வாய் வைத்தான். வெகுநேரம் மென்றான். அதை விழுங்கிய பிறகு அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்து, நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக மாநகராட்சிக்கு விஷயம் புரிந்தது என்று மால்-சுக் பிற்பாடு சொன்னாள்.

நவம்பர் கடைசியில் பிரிவுத் தலைவர், மிச்சப் பணத்துக்கு இந்த முறை தேன்கூடு வடிவக் கல் என்று முடிவு செய்தார். வேண்டாமே என்று தாக் சொன்னபோது, "பணத்தத் திருப்பி அனுப்பிட்டு அடுத்த வருஷம் உன் சம்பளத்துலயா ரோடு போடுறது?" என்றார். தாக் ஒரு வாரம் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். கல் பதிக்கும் பணத்தின் தலைப்பு, நடைச் சூழல் மேம்பாடு. அதே தலைப்பின் கீழ் நான்காவது உட்பிரிவில், நடப்பவர்களுக்கான ஓய்வு வசதி என்று ஒன்று இருந்தது; யாரும் அதைத் தொட்டதே இல்லை. தொகை முழுவதையும் ஒரே ஓய்விடத்தில் போட்டான். கூரை, கண்ணாடிச் சுவர், நீண்ட இருக்கைகள், தண்ணீர்க் குழாய், வடிகால், குளிர்காலத்தில் நடப்பவர்களுக்கு வெந்நீர் வைக்க மூன்று பர்னர் உள்ள எரிவாயு அடுப்பு. வெந்நீருக்கு எதற்கு மூன்று பர்னர் என்று தலைவர் கேட்டபோது, மக்கள் தொகை வளர்கிறது என்று பதில் எழுதினான். இடம் என்ற கட்டத்தில், பதினேழாம் எண் மனைக்கும் பதினெட்டாம் எண் மனைக்கும் இடையில் என்று போட்டான். வரைபடத்தில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே நான்கு விரல் அகலச் சந்து இருக்கிறது. தெருவில் அது தொள்ளாயிரம் தப்படி. ஒப்பந்தக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்து, எண் தகடு ஒட்டி, முத்திரை விழுந்தது. அந்த ஆண்டு கற்களை யாரும் தொடவில்லை. தெரு ஒரு தப்படிகூட நீளவில்லை.

மால்-சுக் சந்திரப் புத்தாண்டுக்குக் கடையை மூடவில்லை. பானையையும் மாவுப் பலகையையும் கத்தியையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓய்விடத்துக்குப் போனாள். அங்கிருந்து சந்தைக்கு இருபத்தைந்து நிமிடம். நூடுல்ஸ் அப்போதும் ஊறியது, ஆனால் சந்தைக்காரர்களில் கால் நன்றாக இருந்தவர்கள் தாங்களே நடந்து வரத் தொடங்கினார்கள். கருவாட்டுக் கடைக்காரி முதல் கிண்ணத்தை முடித்துவிட்டு, "சித்தி, இத்தன வருஷம் நான் ஒங்கள வஞ்சது எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன். இந்த நாற்காலிய வஞ்சது மட்டும் அப்படியே இருக்கட்டும், இடுப்பு ஒடியுது" என்றாள். காதலர்கள் வந்தார்கள். வழி தெரியாமல் தங்கியிருந்தவர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் முந்தைய அக்டோபரிலிருந்து தங்கியிருந்தார்.

தாக்கை ஜனவரியிலேயே தண்ணீர் மீட்டர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பில் அவன் 'இந்தத் தெருவைத் தோண்ட வேண்டாம்' என்று ஒரே வரி எழுதியிருந்தான். புதிய அதிகாரி அதைப் படித்து, காரணம் குறிப்பிடப்படவில்லை என்று பென்சிலால் எழுதிக் கோப்பில் வைத்தார். வசந்தத்தில் அவரே ஓய்விடத்துக்கு வந்து, அனுமதியின்றிக் கடை நடத்துவதாக மால்-சுக்குக்கு அறிவிப்புக் கொடுக்க முயன்றார். படிவத்தில் மனை எண் கேட்டது. பதினேழு என்று தட்டினார்; மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு அபராதம் போய், அவர் அலுவலகத்துக்கே வந்து மேசையைத் தட்டினார். பதினெட்டு என்று தட்டினார். செருப்புக் கடைக்காரர் வழக்கறிஞரோடு வந்தார். வெறுமையாக விட்டால் கணினி ஏற்கவில்லை. இல்லாத இடத்தில் நடக்கிற கடையை மூட முடியாது என்று அவருக்குப் புரிய மூன்று நடை ஆயிற்று. மூன்றாவது நடையில் பசித்து, ஒரு கிண்ணம் சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போனார். டிசம்பரில் அவர் பிரிவு தேன்கூடு வடிவக் கல் பதித்தது.

எண் தகடு ஒட்டிய கட்டிடத்தைத் தொட முடியாது என்பதால் தொழிலாளர்கள் ஓய்விடத்தைச் சுற்றிக்கொண்டு இரு பக்கமும் பதித்துப் போனார்கள். தெரு இரு பக்கமும் சமமாக நீண்டது. ஓய்விடத்திலிருந்து எந்த முனைக்கும் இப்போது ஒன்றேகால் மணி நேரம். ஜனவரி முதல் திங்கட்கிழமை மால்-சுக் அடுப்பை மூட்டாமல் கண்ணாடி வழியே சந்தைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஊறியதை மனிதனுக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் யோம் அதைச் சாப்பிட்டும் விடுவார். மதியத்துக்கு மேல் தூறலுக்குள்ளிருந்து ஒரு கைவண்டி வந்தது. வண்டியில் சாவி அறுக்கும் இயந்திரம், பூட்டுகள் தொங்கும் பலகை, ஒரு முக்காலி, மடித்த போர்வை. யோம் கி-தேக் அவற்றை ஓய்விடத்தின் பக்கச் சுவரை ஒட்டி இறக்கிவைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"என்ன பூட்டுக்காரரே, கடையத் தூக்கிட்டு எங்க?"

"இங்கதான்."

"இங்க எவன் வீடு கட்டியிருக்கான், எவன் பூட்டு வாங்குவான்?"

"கட்டுவானுங்க. எடம் சும்மா கெடக்குல்ல."

அவள் அடுப்பை மூட்டினாள். மாவைத் தேய்த்து, மடித்து, அரிந்து, கொதிக்கிற சாற்றில் போட்டு, பூசணிக் கீற்று சேர்த்து, கிண்ணத்தில் ஊற்றி, அடுப்பிலிருந்து மூன்று தப்படியில் அவர் கையில் கொடுத்தாள். நூடுல்ஸ் அரை நிமிடம்கூட ஊறியிருக்கவில்லை. அவர் குச்சியால் எடுத்து உறிஞ்சினார். நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி உறிஞ்சினார்.

"மொதலாளியம்மா."

"என்ன?"

"உப்பு கம்மி."

மால்-சுக் இடுப்பில் கைவைத்து நின்றாள். "நாலஞ்சு வருஷமா ஊறிப்போன கூழத் தின்னீங்களே, அப்ப இந்த வாய் எங்க போயிருந்துச்சு?"

"அப்ப சாப்பாடு என்னத் தேடி நடந்து வந்துச்சு. அவ்வளவு தூரம் நடந்து வந்தத கொற சொல்லலாமா?" என்றார் யோம். "இன்னைக்கி நான்ல நடந்து வந்திருக்கேன்."

அவள் கரண்டியில் சாற்றை எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். கம்மிதான். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, அவர் கிண்ணத்தை வாங்கி மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். மாலை நான்கு மணிக்கு மேல் ஆகியிருந்தது. ரயில் நிலையத்துப் பக்க முனையிலிருந்து இராச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இந்நேரம் வீட்டில் காலணி மாட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் மாவை இழுத்து வைத்துக்கொண்டு அரியத் தொடங்கினாள்.